கீமோ முடிந்து வீடு திரும்புகிறவர் கையில் ஒரு தமிழ்த் தாள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் புற்றுநோய்க்கான கீமோ மருந்து போடுகிறார்கள். ஆனால், மருந்து ஏற்றி முடித்து பஸ் ஏறிய பிறகு, அடுத்த ஊசி வரை இரண்டு மூன்று வாரம் நோயாளி வீட்டில்தான் கிடக்கிறார். அப்போது வீட்டில் இருப்பது ஆங்கில டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்றுதான். அது இன்னொரு டாக்டர் படிப்பதற்கானது. பார்த்துக்கொள்ளும் மகளுக்கோ மருமகளுக்கோ அதில் உதவியாக ஒரு வரியும் இருக்காது. பெரிய எழுத்தில், தமிழில், ஒரே தாளில் வீட்டுப் பராமரிப்புக் குறிப்பு கொடுப்பதை அரசு, தனியார் என்று பாராமல் எல்லா மருத்துவமனைகளுக்கும் சுகாதாரத் துறை கட்டாயமாக்க வேண்டும். அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதையும் எழுதுகிறேன். தேவைப்படுகிறவர்கள் இதையே வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

முதலில் காய்ச்சல். கீமோ போட்ட 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை பெரும்பாலும் கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். அந்த நாட்களில் உடம்பில் கிருமி புகுந்தாலும் பெரும்பாலும் சீழ் பிடிக்காது, சளி கட்டாது. பல நேரம் காய்ச்சல் மட்டுமே அடையாளம். ஆகவே 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் நடுராத்திரியானாலும் கிளம்ப வேண்டும். காய்ச்சல் ஏறாமல் குளிர் நடுக்கம் வந்தாலும் அப்படித்தான். நம் வீடுகளில் நடப்பது என்ன? பாரசிட்டமால் ஒன்றைக் கொடுத்து, ரசம் சாதம் ஊட்டி, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்க வைக்கிறோம். மாத்திரையில் சூடு தணியும், கிருமி ரத்தத்தில் பெருகிக்கொண்டே இருக்கும். விடிவதற்குள் பிரஷர் விழுந்துவிடலாம். சிகிச்சை பெறும் மருத்துவமனை தூரம் என்றால், 24 மணி நேரமும் அவசரப் பிரிவு இயங்கும் பக்கத்து மருத்துவமனைக்கு 108-இல் போங்கள். உள்ளே நுழைந்ததும் முதலில் சொல்ல வேண்டியது: "கீமோ போட்டவர், கடைசி ஊசி இந்தத் தேதி." அதைச் சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஊசி ஏறுவதில்தான் உயிர் இருக்கிறது. தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் வைத்துப் பாருங்கள். காபி குடித்திருந்தால் கால் மணி நேரம் பொறுங்கள். அக்குளில் வைத்தால் அளவு குறைத்துக் காட்டும்.

வாய்ப்புண்ணுக்குக் கடையில் மவுத்வாஷ் வாங்காதீர்கள். ஆல்கஹால் கலந்தவை புண்ணை இன்னும் எரிய வைக்கும். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா கலந்து, சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் கொப்பளித்துத் துப்பினால் போதும். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும்.

புகையிலைப் பழக்கத்தால் வாய்ப் புற்றுநோய் மலிந்த நாடு இது. அறுவை சிகிச்சையோ கரண்ட் ட்ரீட்மென்ட் எனப்படும் கதிர்வீச்சோ முடிந்து, மூக்கு வழியாக வயிற்றுக்கு ஆகாரம் போகும் குழாயோடு வீடு வருகிறவர்கள் ஏராளம். அதிகம் தவறு நடப்பதும் இங்கேதான். ஒவ்வொரு முறை ஊற்றும் முன்பும் மூக்கருகே குழாயில் போட்ட அடையாளம் அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நகர்ந்திருந்தால் ஊற்றக் கூடாது. முனை மூச்சுக்குழல் பக்கம் போயிருக்கலாம். கழன்று வந்தால் வீட்டில் செருகவே கூடாது. நோயாளியைத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வையுங்கள். முதலில் 30 முதல் 50 மில்லி தண்ணீர். பிறகு மெல்லிய துணியில் வடிகட்டிய ஆகாரம் 200 முதல் 250 மில்லி. சிரிஞ்சை உயர்த்திப் பிடித்தால் தானாக இறங்கும், அழுத்தித் தள்ள வேண்டாம். கடைசியில் மறுபடியும் தண்ணீர். இதை விட்டால்தான் குழாய் அடைக்கிறது. ஊற்றிய பின் அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது. நடுவில் இருமல் வந்தால், மூச்சு வாங்கினால், உடனே நிறுத்துங்கள். மாத்திரையை ஆகாரத்தில் கலக்காமல் தனியாகப் பொடித்துத் தண்ணீரில் கரையுங்கள். சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. மாற்றாக சிரப் உண்டா என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள். வெறும் அரிசிக் கஞ்சியில் எடை சரியும். பருப்பு, வேகவைத்த முட்டை, பால் பவுடர், ஒரு ஸ்பூன் எண்ணெய் சேர்த்து அரைத்தால்தான் தசை நிற்கும். சுகர், கிட்னிக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுச் சேர்க்கட்டும்.

கழுத்திலும் தாடையிலும் கரண்ட் வைத்தவர்களுக்கு இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். ரேடியேஷன் டாக்டரைக் கேட்காமல் பல் பிடுங்கக் கூடாது, ஆண்டுகள் கடந்த பிறகும்கூட. ரத்த ஓட்டம் குறைந்த தாடை எலும்பு ஆறாமல் அழுகிவிடலாம். பிறகு, ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு முறை தைராய்டு பரிசோதனை. சோர்வை எல்லாம் நோயின் மிச்சம் என்று விட்டுவிடுகிறார்கள். தைராய்டு குறைவென்றால் தினம் ஒரு மாத்திரையில் சரியாகும்.

வலிக்கு மார்ஃபின் எழுதினால் 'கடைசிக் கட்டம்' என்று குடும்பம் கலங்குவதும், மாத்திரையை ஒளித்து வைப்பதும் நோயாளிக்குச் செய்கிற கொடுமை. சாதாரண மார்ஃபின் மாத்திரை நாலு மணி நேரம்தான் வேலை செய்யும். வலி வரட்டும் என்று காத்திராமல் எழுதிய நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் நிச்சயம் வரும், அன்றே பேதி மருந்தும் கேட்டு வாங்குங்கள். சட்டென்று நிறுத்தக் கூடாது. 2014-இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி நடைமுறையை எளிதாக்கிய பிறகும் தெருமுனைக் கடையில் இது கிடைப்பதில்லை. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில்தான் வாங்க வேண்டும். தீருவதற்கு ஒரு வாரம் முன்பே கிளம்பிவிடுங்கள்.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-இல் தொடங்கியது. படுக்கையில் இருப்பவருக்கு வலி நிவாரணப் பராமரிப்பும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிய வேண்டும், அவ்வளவுதான். ரயிலில் சிகிச்சைக்குப் போய்வர ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு முழுச் சலுகை, துணைக்கு வருகிறவருக்கு 75 சதவீதம். மருத்துவமனை கையெழுத்திட்ட படிவம் தேவை; தட்கலில் இது செல்லாது. மனம் ஒடிந்துபோகும் நோயாளிக்கும், தூக்கமின்றிப் பார்த்துக்கொள்கிறவருக்கும் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேச ஆள் உண்டு.

இத்தனையும் ஒரு தாளின் இரு பக்கத்தில் அடங்கும். தலைப்பில், இரவிலும் எடுக்கிற வார்டு தொலைபேசி எண் ஒன்று இருக்க வேண்டும். படிக்கத் தெரியாத வீடுகளும் உண்டு. ஆகையால் குழாயோடு அனுப்பும்போது, வீட்டில் பார்த்துக்கொள்ளப்போகிறவர் செவிலியர் முன்னிலையில் தன் கையால் ஒரு வேளை ஆகாரம் ஊற்றிக் காட்டிய பிறகே டிஸ்சார்ஜில் கையெழுத்திட வேண்டும் என்றும் அதே உத்தரவில் சேர்க்கக் கோருகிறேன்.

இப்படிக்கு,
இல்லப் பராமரிப்புச் செவிலியர்,
திருச்சி மாவட்டம்