பூஜ்ஜியம் வந்துவிட்டால் நிலையான மூலக்கூறா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நெல்லை வட்டாரத்து பிளஸ் 1 மாணவர்கள் பலர் மனப்பாடமாகச் சொல்லும் வரி இது: 'முறைசார் மின்சுமை பூஜ்ஜியமானால் மூலக்கூறு நிலையானது.' இது தவறு. முறைசார் மின்சுமை என்பது, பிணைப்பு எலக்ட்ரான்களை இரு அணுக்களும் சரிபாதியாகப் பங்கிட்டதாக வைத்து ஒவ்வோர் அணுவுக்கும் கணக்கிடும் மின்சுமை. ஒரே மூலக்கூறுக்கு இரண்டு மூன்று லூயிஸ் அமைப்புகள் (பிணைப்புகளையும் தனித்த எலக்ட்ரான்களையும் காட்டும் படங்கள்) வரைய முடிந்தால், அவற்றில் எது பொருந்தும் என்று பார்க்கத்தான் இந்தக் கணக்கு. அந்தப் பொருள் வெடிக்குமா, கிட்டங்கியில் மூட்டையாகக் கிடக்குமா என்பதை இது சொல்லாது.

பிசான நெல்லுக்கு இடும் அம்மோனியம் சல்பேட்டையே எடுத்துக்கொள்வோம். இணைதிற (வெளிக்கூட்டு) எலக்ட்ரான்களிலிருந்து தனித்த எலக்ட்ரான்களையும் பிணைப்பு எலக்ட்ரான்களில் பாதியையும் கழித்தால், அம்மோனியம் அயனியில் நைட்ரஜனுக்கு 5 − 0 − 4, அதாவது +1. ஆனாலும் அந்த உரம் மூட்டையில் சாதுவாகத்தான் இருக்கிறது. நைட்ரஜன் டிரைகுளோரைடில் நைட்ரஜனுக்கு 5 − 2 − 3, ஒவ்வொரு குளோரினுக்கும் 7 − 6 − 1, எல்லாமே பூஜ்ஜியம். அதுவோ அதிர்ந்தாலே வெடிக்கும் எண்ணெய் போன்ற திரவம். 1811-இல் அதைக் கண்டறிந்த பிரெஞ்சு வேதியியலாளர் டூலோங், ஒரு கண்ணையும் இரண்டு விரல்களையும் அதற்குப் பறிகொடுத்தார். வலுக்குறைந்த நைட்ரஜன்–குளோரின் பிணைப்புகள் அறுந்து, மோலுக்குச் சுமார் 945 கிலோஜூல் வலுவுள்ள நைட்ரஜன் முப்பிணைப்பு உருவாவதுதான் வெடிப்புக்குக் காரணம். நிலைப்புத்தன்மையை இந்த ஆற்றல் கணக்கில்தான் தேட வேண்டும்.

தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடில். மொத்தம் 10 இணைதிற எலக்ட்ரான்கள். முப்பிணைப்பு வரைந்தால் கார்பனுக்கு 4 − 2 − 3 = −1, ஆக்சிஜனுக்கு 6 − 2 − 3 = +1. ஆக்சிஜன் தலையில் கூட்டல் குறியைப் பார்த்ததும் பிள்ளைகள் பதறி, ஒரு பிணைப்பை அழித்து இரட்டைப் பிணைப்பாக்கிவிடுகிறார்கள். இரண்டு அணுக்களுக்கும் பூஜ்ஜியம் வந்துவிடும். ஆனால் கார்பனைச் சுற்றி 6 எலக்ட்ரான்களே மிஞ்சும். அணுவைச் சுற்றி 8 எலக்ட்ரான்கள் வேண்டும் என்னும் எண்ம விதியை முதலில் பார்க்க வேண்டும், மின்சுமையை அதன் பிறகு. முப்பிணைப்பே சரி என்பதற்கு அளவீடே சாட்சி: பிணைப்பு ஆற்றல் மோலுக்குச் சுமார் 1072 கிலோஜூல், ஈரணு மூலக்கூறுகளிலேயே மிக அதிகம்.

கணக்கில் இன்னொரு சறுக்கல்: இணைதிற எலக்ட்ரான்களிலிருந்து தனித்த எலக்ட்ரான்களை முழுதாகவும், பிணைப்பு எலக்ட்ரான்களைப் பாதியாகவும் கழிக்க வேண்டும். பாதியாக்க மறந்தால், எல்லா அணுக்களின் கூட்டுத்தொகை அயனியின் மின்சுமையோடு ஒத்துப்போகாது. இந்தச் சரிபார்ப்புக்கு அரை நிமிடம் போதும்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வினா-விடை வெளியிடும்போது, 'நிலையான மூலக்கூறு' என்பதற்குப் பதில் 'பொருத்தமான லூயிஸ் அமைப்பு' என்று அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர்கள் சிலர்,
பாளையங்கோட்டை.