கல்லாவுக்கு வந்த ஆந்தை

ஸ்டுட்கார்ட்
ஞாயிறு மாலை

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா எழுந்து நடமாடுகிறார்கள் என்று படித்ததும்தான் நிம்மதி வந்தது. கேட்டதாகச் சொல்.

யூரோ எல்லா நாட்டிலும் ஒரே மாதிரியா என்று கேட்டிருந்தாய். நோட்டில் எந்த நாட்டு முகமும் கிடையாது. ஜன்னல், வாசல், பாலம், அவ்வளவுதான். யாருக்கும் மனக்குறை வரக் கூடாதென்று ஆஸ்திரியாக்காரர் ராபர்ட் காலினா எங்குமே இல்லாத பாலங்களாக வரைந்தார். (பிறகு நெதர்லாந்தில் ஸ்பைக்கனிஸ் என்ற ஊரில் அதே பாலங்களை நிஜமாகவே கட்டிவிட்டார்கள்!) 2002இல் வந்த பழைய நோட்டென்றால் வரிசை எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்தைப் பார், எந்த நாட்டு நோட்டென்று தெரியும்: எக்ஸ் ஜெர்மனி, யு பிரான்ஸ், எஸ் இத்தாலி. 2013இல் தொடங்கிய புது வரிசையில் முதல் எழுத்து அச்சகத்தைத்தான் காட்டும்.

எனக்குப் பிடித்தது சில்லறைதான். எண் போட்ட பக்கம் எல்லோருக்கும் பொது. மறுபக்கம் அந்தந்த நாட்டுக்குச் சொந்தம். போன வெள்ளிக்கிழமை இரவு கடையில் கல்லாக் கணக்கு முடிக்கும்போது, ஜெர்மனியின் கழுகுகளுக்கு நடுவே ஓர் ஆந்தை உருண்டைக் கண்ணோடு என்னைப் பார்த்தது. கிரீஸின் ஒரு யூரோ! பழைய ஏதென்ஸ் நாணயத்தையே அப்படியே அதில் பொறித்திருக்கிறார்கள், நாணயத்துக்குள் நாணயம். அவர்களுடைய சில்லறையில் சென்ட் என்பதைக்கூட லெப்தா என்றே எழுதியிருக்கிறார்கள். சொந்தப் பேரை விட்டுக்கொடுக்காத அந்தப் பிடிவாதம் எனக்கு ரொம்பவும் பிடித்துவிட்டது. என் பணத்தில் ஒரு யூரோவைக் கல்லாவில் போட்டுவிட்டு ஆந்தையை உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

நம்மூர்க் காசில் ஆண்டுக்குக் கீழே நட்சத்திரம் இருந்தால் அதை அடித்த ஊர் ஐதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமில்லாவிட்டால் கல்கத்தா என்று ஏழாம் வகுப்பில் எனக்குச் சொல்லித்தந்தாயே, அதே வித்தை இங்கும் உண்டு. ஜெர்மன் நாணயத்தில் பொடி எழுத்தொன்று இருக்கும். ஏ என்றால் பெர்லின், டி முனிச், ஜி கார்ல்ஸ்ரூஹே, ஜே ஹாம்பர்க். எஃப் எங்கள் ஊர். இரண்டு யூரோவின் விளிம்பை நகத்தால் தடவினால் எழுத்து நெருடும்: ‘ஒற்றுமை, நீதி, சுதந்திரம்’ என்று ஜெர்மனில்.

பின்லாந்தில் ஒரு சென்ட், இரண்டு சென்ட் புழங்குவதே இல்லை. ரொக்கமாகக் கொடுத்தால் பில்லை ஐந்து சென்ட் கணக்குக்கு ஏற்றியோ இறக்கியோ விடுவார்கள். அந்த ஒரு சென்ட் இதுவரை என் கல்லாவுக்கு வரவே இல்லை. தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சித்திரையில் ஊருக்கு வரும்போது ஆந்தையைக் கொண்டு வருகிறேன். உன் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பரணிலிருந்து இறக்கி வை.

அன்புடன்,
மணி