நம் தர்ம ஆஸ்பத்திரி வார்டுக்கு இன்னும் 2,40,000 ரூபாய் வேண்டும்

வடசென்னை மக்கள் அனைவருக்கும் வணக்கம். வார்டில் கிருமி பரவாமல் தடுக்கத் துப்புரவு ஆளுக்கும், புது மெத்தைக்கும், குழாய்க்கும் பணம் சேர்க்கிறோம்.

செப்டம்பர் 30-க்குள் பணம் சேராவிட்டால் மெத்தைக்காரர் ஒப்புக்கொண்ட விலை நிற்காது. அப்புறம் ஐப்பசி மழை வந்துவிடும். காய்ச்சல்காரர்கள் குவிவார்கள், ஒருவர் எழுந்த கட்டிலில் உடனே இன்னொருவர் படுப்பார். அதற்குள் வார்டு தயாராக வேண்டும்.

கட்டில் கம்பி, டிரிப் ஸ்டாண்டு, சுவிட்ச், கதவுக் கைப்பிடி, குழாய்த் திருகு என எல்லோர் கையும் படும் இடங்களில்தான் மருந்துக்கு அடங்காத கிருமிகள் ஒட்டிக்கொள்கின்றன. எம்.ஆர்.எஸ்.ஏ., அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா என்று டாக்டர்கள் சொல்வது இவற்றைத்தான். காய்ந்த கம்பியில்கூட நாள்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நல்ல உடம்புக்காரரைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. அவர் கை வழியாக நோயாளியின் ஆபரேஷன் புண்ணுக்கோ, மூத்திரக் குழாய்க்கோ போனால் ஆபத்து. அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லாவுக்கு வீரியமான ஊசிகளும் கேட்காதபோது கடைசியாகக் கோலிஸ்டின் போடுகிறார்கள். அது சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய மருந்து. 2012-ல் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் நம் ஊரில் கூடித்தான் மருந்துக்கு அடங்காத இந்தக் கிருமிகளுக்கு எதிராகச் ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டன. அந்தப் பெயரைச் சுமக்கும் ஊரில் வார்டைத் துடைக்க ஆள் இல்லை என்று சொல்லலாமா?

இந்த ஆஸ்பத்திரி எழுந்த கதை பெரியவர்களுக்குத் தெரியும். மண்டி வியாபாரிகள் இடம் கொடுத்தார்கள். துறைமுகக் கூலிகள் வாரக் கூலியில் ஒரு பங்கு கொடுத்தார்கள். வீட்டுப் பெண்கள் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, அதை விற்று முதல் பத்துக் கட்டில்களை வாங்கினார்கள். ஜாதி, மதம் கேட்காமல் பிரசவம் பார்த்த இடம். இதைப் படிப்பவர்களில் பலர் இங்கே பிறந்தவர்கள்தான்.

செலவு இதோ. கூடுதலாக இரண்டு துப்புரவுப் பணியாளர்களுக்கு ஓராண்டுச் சம்பளம் 3,36,000. கிழியாத ரெக்சின் உறை போட்ட மெத்தை 40, விலை 1,68,000 (உறை கிழிந்தால் உள்ளே ஊறும் ரத்தத்தை எந்த மருந்தாலும் துடைக்க முடியாது). முழங்கையால் திறக்கும் குழாய் 12, விலை 27,000. கையில் தேய்க்கும் கிருமிநாசினி, பிளீச்சிங் கரைசல், துணி ஓராண்டுக்கு 1,19,000. ஒரே துணியால் எல்லாக் கட்டிலையும் துடைத்தால் கிருமியை நாமே பரப்புகிறோம், அதனால் கட்டிலுக்கு ஒரு துணி. மொத்தம் 6,50,000. கையில் இருப்பது 4,10,000.

அந்த 4,10,000 தந்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! 2015 வெள்ளத்தில் தரைத்தளம் மூழ்கியபோது சேறு அள்ளிய ஆட்டோ ஸ்டாண்டு தம்பிகள் இந்த முறையும் முதலில் வந்தார்கள். மீன் அங்காடி அக்காமார்கள் ஏலம் முடிந்த கையோடு ஈர நோட்டுகளைக் கொண்டுவந்து எண்ணிக் கொடுத்தார்கள். பென்ஷன் வந்த அன்றே வந்து நிற்கும் ஐயாக்கள், சிங்கப்பூரிலிருந்து அனுப்பும் பிள்ளைகள், உண்டியலை உடைத்துத் தந்த பள்ளிக் குழந்தைகள் எல்லோரையும் கும்பிடுகிறோம். ஆண்டவன் உங்கள் வீட்டில் நோய் அண்டாமல் காக்கட்டும்.

மற்றவர்களிடம் உரிமையோடு கேட்கிறோம். ட்யூப் லைட், மின்விசிறி என்றால் உபயம் எழுதலாம், எத்தனையோ பேர் வருகிறார்கள். துடைக்கிற கைக்குச் சம்பளம் கொடுத்தால் பெயர் எழுத இடமில்லை. அதற்காக ஒதுங்கி நிற்பது நம் தாத்தா பாட்டிகள் வைத்த பிடி அரிசிக்கு அழகல்ல. ஒரு மெத்தை 4,200 ரூபாய், ஒரு குழாய் 2,250. முடியாதவர்கள் நூறு ரூபாய் தந்தாலும் போதும்.

ஆஸ்பத்திரி அலுவலகத்தில் காலை 9 முதல் மாலை 5 வரை கட்டலாம். ரசீது வாங்காமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம். வரவு செலவுக் கணக்கு மாதா மாதம் வாசல் பலகையில் ஒட்டப்படும்.

இப்படிக்கு,
ஆஸ்பத்திரி நலக் குழுவினர்