கஞ்சமலைக் கல்

சேலம்

அன்புள்ள கோவிந்தராஜுக்கு,

நலம். உன் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி. சின்னவளுக்கு ஆத்தூரில் வேலை கிடைத்துவிட்டது. தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள்.

உன் கடிதத்தில் பாதிக்கு மேல் லெமூரியா என்ற கடல்கொண்ட கண்டம்தான். அங்கிருந்து தப்பி வந்தவர்களே நம் முன்னோருக்கு உருக்கு வார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தாய். இரண்டு நாள் அதே நினைப்பு. மூன்றாம் நாள் கஞ்சமலைக்குப் போய்விட்டேன்.

பள்ளி நாட்களில் அமாவாசைக்குச் சித்தர் கோயில் போகும்போது, உடைந்த ரேடியோவின் காந்தத்தை நீ கொண்டுவருவாயே, அடிவாரத்துக் கறுப்புக் கற்கள் அதில் போய் ஒட்டிக்கொள்ளுமே! இன்றும் ஒட்டுகின்றன. ஒரு கல்லை எடுத்துக்கொண்டு ஓடைக்கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் சேர்வராயன் மலைமேல் மேகம் இறங்கியிருந்தது.

கோவிந்தா, இந்த மண்ணில் உருக்கு செய்த விதத்தை யோசித்துப் பார். கல்லை உருக்கி எடுத்த இரும்பைத் துண்டாக்கி, மூசை என்ற சிறு மண்குடுவையில் ஆவாரங்குச்சியோடு வைத்து, எருக்கிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்துவிடுவார்கள். இருபது இருபத்துநான்கு மூசைகளை உலையில் அடுக்கி, கரி போட்டு, இரண்டரை மணி நேரம் விடாமல் துருத்தி ஊதுவார்கள். குச்சியிலும் இலையிலும் இருக்கும் கரிமம் இரும்பில் ஏறினால்தான் உருக்கு. ஆயிரத்து முந்நூறு டிகிரிக்கு மேல் போகும் வெப்பத்தை அளக்க அவர்களிடம் ஒரு கருவியும் இல்லை. தீயின் நிறத்தைப் பார்த்துப் பழகிய கண்தான் அளவு. இப்படி மூசையில் வார்த்த இந்திய உருக்கைத்தான் ஆங்கில விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1819-இல் ஆராய்ந்து கட்டுரை எழுதினார்.

மறைந்துபோன தொழில்நுட்பம் என்றாயே, இதைவிட வேறென்ன வேண்டும்? இதைக் கடல் கொள்ளவில்லை. 1856-இல், உருக்கை மலிவாகப் பெருமளவில் செய்யும் பெசிமர் முறை இங்கிலாந்தில் வந்தது. மலிவான சீமை இரும்பு கப்பலில் வந்து குவிந்தது. கரிக்குக் காடு கிடைக்கவில்லை. இரண்டு மூன்று தலைமுறைக்குள் உலைகள் அணைந்துவிட்டன.

கடல்கோள் நினைவை நான் மறுக்கவில்லை. பனியூழிக்குப் பின் கடல் ஏறத்தாழ 120 மீட்டர் உயர்ந்திருக்கிறது. கரையோர நிலம் மூழ்கியது உண்மை. ஆனால் லெமூரியா, மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒரே வகை விலங்குகள் இருப்பதை விளக்க, விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர் 1864-இல் சூட்டிய பெயர். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்தபின் அந்த விளக்கம் தேவையற்றுப்போனது.

நம் பழமையை வெளியார் நெடுங்காலம் குறைத்தே எழுதினார்கள் என்ற உன் கோபம் நியாயமானது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதனால்தான் உன் கடிதம் வலித்தது. துருத்தி ஊதி நெஞ்சு காய்ந்த கொல்லனின் அறிவைப் பிடுங்கி, இருந்ததே இல்லாத ஒரு கண்டத்துக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கல்லை உன் மருமகனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கையில் வைத்துப் பார்த்துவிட்டு எழுது. தங்கையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சண்முகம்