கிருபைக்கு தவணை போடாதீங்க பாஸ்டர்மாரே

மட்டக்களப்பு, அம்பாறை பக்கம் சபை நடத்துற பாஸ்டர்மாருக்கும் மூப்பர்மாருக்கும் ஸ்தோத்திரம். கிருபையப் பத்தி, அதாவது தேவன் சும்மா தர்ற மன்னிப்பப் பத்தித்தான் இந்தக் கடிதம்.

நான் படிச்ச ஆள் இல்ல, வேதபாட காலேஜ் வாசல்கூட மிதிச்சதில்ல. களுவாஞ்சிகுடிக்கு அங்கால ஒரு ஊர்ல ஆறு வருசம் நுண்கடன் குழுவுக்கு தலைவியா இருந்தவ, அவ்வளவுதான். ஆனா கடன் மனுசர என்ன செய்யும் எண்டு எனக்கு உங்களவிட கொஞ்சம் கூடத் தெரியும் எண்டு நினைக்கிறன்.

குழுக்கடன் எப்பிடியெண்டா, நாலஞ்சு பொம்புளையள் சேர்ந்து ஒருத்திக்கு ஒருத்தி பிணை நிக்கணும், கிழமைக்கு ஒரு நாள் ஒரு வீட்டு விறாந்தையில பாய் போட்டு குந்தியிருப்பம், மோட்டச்சைக்கிள்ல ஆள் வரும், ஒருத்தி கட்டலையெண்டா மத்தவங்க போட்டு நிரப்புற வரைக்கும் யாரும் எழும்ப ஏலாது. அப்பிடி ஒரு நாள் ஒருத்தி வரல. நான்தான் தேடிப்போய் கிணத்தடியில ஒளிச்சு நிண்டவள கையப் புடிச்சு இழுத்துக்கொண்டு வந்து பாயில இருத்தினன். அத நினைச்சா இப்பவும் சோறு இறங்காது.

மறுகா அவட புருசன் வருத்தமாகி படுக்கையில விழுந்துட்டார். அந்த மாசம் ஒரு ஞாயிறு ஆராதனைக்கு வந்தா, பின்வரிசையில இருந்தா. அண்டைக்கு பிரசங்கம் மல்கியா 3ம் அதிகாரம், தசமபாகம், அதாவது வருமானத்தில பத்தில ஒண்டு, ஒழுங்கா வைக்காத வீட்டில வியாதி குடியிருக்கும் எண்டு மேடையில இருந்து ஒரு சத்தம். அவ எழும்பிப் போகல, முக்காட்ட மட்டும் முகத்துக்கு இன்னும் கொஞ்சம் இழுத்து விட்டா. அடுத்த கிழமையில இருந்து காணல.

நான் பாத்துக்கொண்டிருந்தன், அதே பாய்தான் எனக்கு கண்ணுக்கு தெரிஞ்சது.

வீட்ட வந்து மத்தேயு 18ம் அதிகாரத்த எடுத்து வாசிச்சன். ராசாவிட்ட பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரன்ட கதை. ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி, தாலந்து ஒண்டு ஏறக்குறைய 6000 வெள்ளிப்பணம் எண்டு எடுத்தா, 6 கோடி நாள் கூலி. வருசத்துக்கு 300 நாள் வேலை செஞ்சாலும் 2 லட்சம் வருசம் எடுக்கும் கட்டி முடிக்க. இயேசு கணக்கு தெரியாம சொல்லல, கட்ட ஏலாத கடன் எண்டு காட்டத்தான் சொன்னார். அவன் என்ன கேட்டான்? பொறுமையா இரும், எல்லாத்தையும் குடுத்துத் தீர்க்கிறன் எண்டு தவணை கேட்டான். ராசா தவணையே குடுக்கல, முழுக்கடனையும் விட்டுட்டார். வெளிய வந்தவன் நூறு வெள்ளிப்பணத்துக்கு, அதாவது நூறு நாள் கூலிக்கு, தனக்கு கடன்பட்ட கூட்டாளிட தொண்டையப் புடிச்சான். கிணத்தடியில நான் புடிச்சது கையத்தான், ஆனா எனக்கு தெரியும் அது எது எண்டு.

மத்தேயு 6ல இருக்கிற பரமண்டல ஜெபத்தில பாவம் எண்டே வரல, "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" எண்டுதான் இருக்கு. கொலோசெயர் 2ல பவுல், நமக்கு எதிரா இருந்த கையெழுத்த சிலுவையில ஆணியடிச்சுட்டார் எண்டு எழுதுறார். கடன் பேப்பர்ல கையெழுத்து வச்ச பொம்புளைக்கு இந்த வசனத்த விளக்கவே தேவல்ல பாஸ்டர், நீங்க வாசிச்சா காணும், அழுவா. எபேசியர் 2ல கிருபையப் பத்தி "இது தேவனுடைய ஈவு" எண்டு இருக்கு, ஈவு எண்டா இனாம். ஈவுக்கு யாரும் ரசீது எழுதுறதில்ல.

எங்கட ஆக்களுக்கு இது புடிபடாததுக்கு ஒரு காரணம் இருக்கு. கும்பிடுறதுல நமக்கு பழகின சொல்லே நேர்த்திக்கடன். பரம்பரையா சாமியோடயும் குடுத்து வாங்கித்தான் பழக்கம், அத நான் குறைவா சொல்லல, என்ட அம்மம்மாவும் ஆயித்தியமலை மாதாவுக்கு நேர்ந்தவதான். ஆனா சபைக்கு வந்தும் அதே கணக்குப் புத்தகத்த புது அட்டை போட்டு குடுத்தா, புதுசா என்ன கேட்டம்?

மெதடிஸ்ட் ஆக்கள் மட்டக்களப்புக்கு வந்தது 1814ல, வில்லியம் ஓல்ட் எண்டவர் வந்து அடுத்த வருசமே இஞ்சயே செத்துப்போனார். அவங்கட சபையத் தொடங்கின ஜோன் வெஸ்லியும் ஒரு காலத்தில தேவனுக்கு தவணை கட்டுற மாதிரி கட்டிக்கொண்டே இருந்த ஆள்தான், உபவாசம், சிறைச்சாலை சந்திப்பு, கடல் தாண்டி ஊழியம், ஒண்டும் மனசுக்கு நிம்மதி தரல. 1738 மே 24 லண்டன்ல ஒரு கூட்டத்தில ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதின முன்னுரைய வாசிக்கக் கேக்கையிலதான் உள்ளுக்குள்ள சூடாச்சு எண்டு எழுதி வச்சார். அப்ப அவர் குருவாகி பத்து வருசத்துக்கு கிட்ட. குருமாருக்கே லேட்டா விளங்குற விசயம்தான் இது, அதால உங்களில எனக்கு கோவமும் பெரிசா இல்ல.

இப்பிடிச் சொன்னா சனம் பாவத்தில துள்ளும் எண்டுவீங்க. ரோமர் 6ல பவுலிட்டயும் அதத்தான் கேட்டாங்க, கூடாதே எண்டார். அநியாயமா வரி வாங்கின சகேயுவப் பாருங்க, இயேசு முதல்ல வீட்டுக்குப் போனார், நாலத்தனையா திருப்பிக் குடுக்குறன் எண்டு அவன் சொன்னது அதுக்குப் பிறகு. பாவத்தப் பத்தி பேச வேணாம் எண்டும் நான் சொல்லல. நூறுக்கு பத்து வட்டிக்கு குடுக்குறவர் முன்வரிசையில இருந்து கைதட்டுறாரே, அதப் பத்தி பேசுங்களன் ஒரு நாளைக்கு. அவர்ட தசமபாகம் மட்டும் ஒழுங்கா வருதாம்.

2018ல வறட்சி மாவட்டத்து பொம்புளையள்ட ஒரு லட்சம் வரைக்குமான நுண்கடன அரசாங்கம் தள்ளுபடி செய்யுது எண்டு அறிவிச்ச நேரம், ஒழுங்கா கட்டின எங்களுக்கு ஒண்டுமில்லையா எண்டு றோட்டில நிண்டு கத்தினவ நான். தம்பிய அப்பா சும்மா மன்னிச்சதுக்கு கோவிச்ச, கெட்ட குமாரன்ட மூத்த அண்ணன் நானேதான் எண்டு விளங்க எனக்கு கன காலம் எடுத்திச்சு.

நான் போன கிழமை அவட வீட்டுக்குப் போய் கிணத்தடி விசயத்துக்கு மன்னிப்பு கேட்டன். அவ ஒண்டும் சொல்லல, தேத்தண்ணி ஊத்தித் தந்தா. சபைக்கு வா எண்டு கூப்பிட எனக்கு வாய் வரல, அது நீங்க செய்ய வேண்டிய வேலை. பகல்ல கூலிக்கு வயல் வட்டைக்கு போறா, அஞ்சு மணிக்குப் பிறகு வீட்டில நிப்பா. போகக்குள்ள காணிக்கை கவரும் கையுமா போயிடாதீங்க.