வாடை எதிரே வந்த ஞாயிறு

திருவான்மியூர், சென்னை
தை மாதம், செவ்வாய் இரவு

அன்புள்ள மச்சான்,

மூட்டு வலி குறைந்திருக்கிறது, மகளுக்கு வரன் கூடி வருகிறது என்று எழுதியிருந்தாய். இரண்டும் மனதுக்கு நிறைவாக இருந்தது. என்னிடம் ஒரு செய்திதான். புதுச்சேரிக்கு சைக்கிளில் போய்த் திரும்பிவிட்டேன். போக ஏறக்குறைய 150 கிலோமீட்டர், வர அதே தூரம். மொத்தம் 11 பேர்.

சனிக்கிழமை போனதில் சொல்ல அதிகம் இல்லை. வாடை முதுகில் தள்ளிக்கொண்டே இருந்தது, மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம். ஞாயிறுதான் சோதித்தது. இந்த மாதத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வீசும் என்பது உனக்குத் தெரியும். சென்னைப் பக்கம் திரும்பினால் அது முகத்தில்தான்.

காலை 5 மணிக்குக் கிளம்பினோம். மரக்காணம் வரும்போது விடிந்தது. உப்பளத்தில் மழைத் தண்ணீரை வடித்துப் பாத்திகளைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். தண்ணீர் தேங்கிய ஒவ்வொரு பாத்தியிலும் சிவப்பாக வானம் கிடந்தது. அங்கேதான் என் பின் டயர் இறங்கியது. டியூபை மாற்றினேன், ஒரு கிலோமீட்டர்கூடப் போகவில்லை, மறுபடி இறங்கியது. எங்களில் மூத்தவர் ஒருவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், டயரைக் கழற்றி உள்பக்கம் விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. மயிரிழை மாதிரி ஒரு கம்பி. வெடித்த லாரி டயர்களிலிருந்து சிதறுகிற கம்பி அது. நகத்தால் நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இதை எடுக்காம நூறு டியூப் போட்டாலும் நிக்காது" என்றார். இப்போது அது என் மேசை மேல், ஒரு காகிதத்தில் ஒட்டி இருக்கிறது.

கடப்பாக்கத்தில் இட்லி. ஆலம்பரைக் கோட்டைக்குப் பிரிகிற சாலையைப் பார்த்ததும் உன் ஞாபகம். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து 1760இல் ஆங்கிலேயர்கள் பிடித்து இடித்த கோட்டை. உன்னை ஒருநாள் அங்கே கூட்டிப்போக வேண்டும்.

அப்புறம் காற்று பலத்தது. ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்டினோம். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போவார். அவருடைய பின்சக்கரத்துக்கு இரண்டு முழம் தள்ளி ஒட்டிக்கொண்டால் நம் உழைப்பில் கால்வாசிக்கு மேல் மிச்சம். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு முறை முன்னவர் ஒதுங்கிக் கடைசிக்குப் போக வேண்டும். "குழி!" என்று முன்னால் கத்தினால் கடைசி ஆள் வரை அது போய்ச் சேர வேண்டும். பாலாற்றுப் பாலத்தில் மறைப்பே கிடையாது. அங்கே என் கால்கள் ஓய்ந்துவிட்டன. என் முறை வந்தபோது, கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் திரும்பிப் பார்த்து, "அங்கிள், நீங்க பின்னாலேயே இருங்க" என்று சொல்லிவிட்டு என் பங்கையும் சேர்த்து மிதித்தாள். பாலம் முடியும் வரை அவள் முதுகைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை.

அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க அயனாவரம் வாடகைக் கடை சைக்கிள் ஞாபகம் வந்துவிட்டது. ஒரு மணி நேரத்துக்குத்தான் காசு இருக்கும். நீ மிதிப்பாய், நான் கேரியரில். மெரினா வரைக்கும் எனக்குக் காற்றே படாது. நீ ஒரு நாளும் "இறங்கி மிதிடா" என்று சொன்னதில்லை. அப்போது எனக்கு அது புரியவே இல்லை மச்சான்.

மாமல்லபுரத்தில் ஆளுக்கொரு இளநீர், கல்பாக்கம் தாண்டி வாங்கிய வேகவைத்த பனங்கிழங்கு. சாயங்காலம் 5 மணிக்கு வீடு.

மருத்துவர் சரி என்று சொன்னால் ஒரு ஞாயிறு வா. முட்டுக்காடு வரை மட்டும் போவோம், சமதளம்தான், முட்டிக்குத் தொந்தரவு இருக்காது. உனக்கு ஒரு சைக்கிள் பார்த்து வைத்திருக்கிறேன், சீட்டின் உயரத்தை நீ வந்ததும் சரிசெய்துகொள்ளலாம். போகும்போதும் வரும்போதும் முன்னால் நான்தான். நீ பின்னால் ஒட்டிக்கொண்டு வா. எந்த ஞாயிறு என்று எழுது.

அன்புடன்,
உன் கேரியர்க்காரன்