கையெழுத்திட்டவர்களுக்கும் எதிர்த்து வாக்களித்தவருக்கும் ஒரு நன்றி மடல்

வெர்மான்ட், ஜூலை 2008

அன்புடையீர்,

ஏசிஎல்யூ என்று நாம் சுருக்கமாக அழைக்கும் அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஒன்றியத்துக்கு அதன் உறுப்பினர்களாகிய நாம் ஒரு மனு எழுதினோம். அதிபர் ஜார்ஜ் புஷ், துணை அதிபர் டிக் செனி ஆகிய இருவர்மீதும் பதவிநீக்க விசாரணை தொடங்கும்படி நாடாளுமன்றத்தை அந்த ஒன்றியம் வெளிப்படையாகக் கேட்க வேண்டும் என்பதே மனு. தேசிய வாரியம் அப்படி ஒரு தீர்மானத்தை இன்றுவரை நிறைவேற்றவில்லை. புஷ்ஷின் பதவிக்காலம் முடிய இன்னும் ஆறு மாதமே இருக்கிறது. இனி நிறைவேறும் என்ற எதிர்பார்ப்பும் எனக்கு இல்லை. ஆனாலும் கேட்டது கிடைத்தால்தான் நன்றி என்று நான் வளர்க்கப்படவில்லை. இங்குள்ள நண்பர்களுக்குத் தனித்தனியே ஆங்கிலத்தில் கடிதம் போட்டுவிட்டேன். தமிழர்கள் பலரும் தோள்கொடுத்த முயற்சி இது என்பதால், யார் யார் என்ன செய்தார்கள் என்பதைத் தமிழிலும் பொதுவில் எழுதி வைக்க விரும்புகிறேன்.

முதலில், எங்கள் ஊர் நூலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற அம்மையாருக்கு. நாங்கள் பேச்சைத் தொடங்கிய இடமெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: ஏசிஎல்யூ கட்சி சார்பற்ற அமைப்பாயிற்றே, நீதிமன்றத்தில் வழக்காடுவதுதானே அதன் வேலை, அது எப்படி ஓர் அதிபரை நீக்கச் சொல்லும்? அந்த அம்மையார் இதற்கு வாதம் எதுவும் செய்யவில்லை. மைக்ரோஃபிலிம் சுருளிலிருந்து ஒரு பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். 1973 அக்டோபர் 14 அன்று நியூயார்க் டைம்ஸில் ஏசிஎல்யூ வெளியிட்ட முழுப்பக்க விளம்பரம். அதிபர் நிக்ஸனை ஏன் பதவிநீக்க வேண்டும், அதை எப்படிச் செய்யலாம் என்று நாட்டு மக்களுக்கு விளக்கிய விளம்பரம். அதற்கு இரண்டு வாரம் முன்பு, செப்டம்பர் இறுதியில், தேசிய வாரியம் தீர்மானம் போட்டிருந்தது. பெரிய தேசிய அமைப்புகளில் அப்படிக் கேட்ட முதல் அமைப்பு ஏசிஎல்யூதான்.

தேதியைக் கவனியுங்கள். விளம்பரம் வந்து ஆறு நாள் கழித்துத்தான், வாட்டர்கேட் வழக்கை (எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஆள்வைத்துப் புகுந்ததும் அதை மூடிமறைத்ததும்) விசாரித்த தனி வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸை நிக்ஸன் நீக்கினார். நீக்க மறுத்த அட்டர்னி ஜெனரல் எலியட் ரிச்சர்ட்ஸன் பதவி விலகினார். அந்தச் சனிக்கிழமை இரவுக்குப் பிறகுதான் நாடே கொதித்தது. ஏசிஎல்யூ கூட்டம் சேரும்வரை காத்திருக்கவில்லை. கூட்டம் சேர்வதற்கு முன்பே சொல்லிவிட்டது. 1974 ஜூலையில் பிரதிநிதிகள் சபையின் நீதிக்குழு ஏற்றுக்கொண்ட இரண்டாவது குற்றச்சாட்டில், சட்டத்துக்குப் புறம்பாகக் குடிமக்களின் பேச்சை ஒட்டுக்கேட்டதும் இடம்பெற்றிருந்தது. எங்கள் மனு முழுவதும் அந்த ஒரு வரியின்மேல்தான் நின்றது. அதைக் கண்டெடுத்துக் கொடுத்தது அந்த அம்மையார்.

அவர் ஏன் இவ்வளவு உழைத்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2005இல், எங்களுக்கு அதிகத் தொலைவில் இல்லாத கனெடிகட் மாநிலத்தில் நான்கு நூலகர்களிடம் எஃப்பிஐ ஒரு கடிதத்தைக் கொடுத்து, நூலகக் கணினியைப் பயன்படுத்தியவர்களின் விவரத்தைக் கேட்டது. கேட்டதை வெளியில் சொல்லவும் கூடாது என்று வாய்ப்பூட்டும் போட்டது. ஏசிஎல்யூ அவர்களுக்காக வாதாடியது. மறு ஆண்டு வாய்ப்பூட்டு விலகியது. தன் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கு நேர்ந்த அவமானமாக அந்த அம்மையார் அதை எடுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்து, சட்டம் படிக்கும் தம்பிக்கு. மதுரைக்காரப் பெற்றோருக்கு இங்கே பிறந்த பிள்ளை. நீதிமன்றம் இருக்கும்போது பதவிநீக்கம் எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னவர் அவர்தான். அவர் சொன்னதை என் சொற்களில் தருகிறேன்.

உளவுக்காக ஒட்டுக்கேட்க வேண்டுமானால் அதற்கென்று அமைந்த நீதிமன்றத்தின் ஆணையைப் பெற வேண்டும் என்று 1978இல் சட்டம் வந்தது. நிக்ஸன் காலத்து அத்துமீறல்கள் அம்பலமானதால் பிறந்த சட்டம். ஒட்டுக்கேட்க நீதிமன்ற ஆணை வேண்டும் என்று 2004 ஏப்ரலில் பஃபலோ நகரில் புஷ் பொதுமேடையிலேயே சொன்னார். 2005 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் உண்மையை வெளியிட்டது: ஆணை இல்லாமலே ஒட்டுக்கேட்கும் திட்டம் ஆண்டுக்கணக்கில் நடந்துகொண்டிருந்தது. மறுநாளே அதிபர் ஒப்புக்கொண்டார், முப்பது முறைக்கு மேல் தாமே அதைப் புதுப்பித்ததாகவும் கூறினார். ஏசிஎல்யூ வழக்குப் போட்டது. 2006 ஆகஸ்டில் டெட்ராய்ட் நீதிபதி ஆனா டிக்ஸ் டெய்லர், திட்டம் அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தார். 2007 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. திட்டம் சரியென்று அது சொல்லவில்லை. உங்கள் பேச்சு ஒட்டுக்கேட்கப்பட்டது என்று நீங்கள் நிரூபிக்கவில்லை, ஆகவே வழக்குத் தொடுக்கும் தகுதி உங்களுக்கு இல்லை என்றது. யார் பேச்சு கேட்கப்பட்டது என்பதோ அரசு ரகசியம். திருடனே வந்து சாட்சி சொன்னால்தான் திருட்டுப் புகாரை எழுதிக்கொள்வோம் என்பது போல இருக்கிறது என்றார் தம்பி. இந்த ஆண்டு பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றமும் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது.

ஆக, தாம் செய்ததாக அதிபரே ஒப்புக்கொண்ட ஒரு செயலைக் கேள்வி கேட்க நீதிமன்றத்தில் எவருக்கும் தகுதி இல்லை. மிச்சமிருப்பது அரசியல் சட்டம் வகுத்த இன்னொரு வழி. பிரதிநிதிகள் சபை பெரும்பான்மை வாக்கால் குற்றம் சாட்டலாம். செனட் விசாரித்து மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் நீக்கலாம். வழக்குத் தொடுக்க உனக்குத் தகுதி உண்டா என்ற கேள்வி அங்கே கிடையாது. ரகசியம் என்று சொல்லி ஆவணத்தைப் பூட்டி வைப்பதும் எளிதல்ல; நாடாளுமன்றத்தின் அழைப்பாணையை மீறியதையே நிக்ஸன்மீது மூன்றாவது குற்றச்சாட்டாக நீதிக்குழு எழுதியது. நான் இந்த மனுவில் இறங்கியதன் முழுக் காரணமும் இதுதான். வழக்காடுவதையே உயிராகக் கொண்ட அமைப்பு, வழக்கின் கதவு அடைபட்டபோது மற்றக் கதவைக் காட்ட வேண்டாமா?

எதிர்த்து வாக்களித்த மூத்த வழக்கறிஞருக்கு இப்போது வருகிறேன். அவருக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது. எங்கள் கோரிக்கை விவாதத்துக்கு வரவேண்டும் என்று முன்மொழிந்தவரே அவர்; விவாதத்தில் அதை எதிர்த்தவரும் அவர். 1977இல் இலினாய் மாநிலத்தின் ஸ்கோக்கியில் நாஜிகள் ஊர்வலம் போகும் உரிமைக்காக ஏசிஎல்யூ வாதாடி, ஆயிரக்கணக்கான உறுப்பினர்களை இழந்ததை நேரில் பார்த்தவர். எவர் பக்கமும் சாயாது என்ற பெயர்தான் இந்த அமைப்பின் ஒரே சொத்து, 1998இல் கிளின்டன்மீது நடந்தது போன்ற கட்சிச் சண்டைக்குள் அதை இழுக்காதீர்கள் என்றார். அவர் கருத்தை நான் ஏற்கவில்லை. குற்றம் செய்தவர் ஒரு கட்சிக்காரர் என்பதால் குற்றத்தைச் சொல்வது கட்சி அரசியல் ஆகிவிடாது. ஆனால் அவர் கேட்ட கேள்விகளால் மனு கூர்மையானது. இராக் போரின் காரணங்கள் பற்றிய பக்கங்களை விலக்கி, ஏசிஎல்யூவின் நேரடி அக்கறைகளான ஒட்டுக்கேட்பு, சித்திரவதை, ஆட்கொணர்வு மனு மறுப்பு என்ற மூன்றோடு நிறுத்திக்கொண்டோம். அவரோடு மறுபடியும் வாதாட ஆசை.

சித்திரவதை பற்றி எழுதும்போது எங்களுக்கு வேறெங்கும் தேடவேண்டி இருக்கவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின்படி வழக்காடி, ஒரு லட்சம் பக்கத்துக்கு மேல் அரசு ஆவணங்களை வெளியே கொண்டுவந்தது ஏசிஎல்யூவேதான். ஆதாரம் அவர்கள் திரட்டியது. முடிவை மட்டுமே நாங்கள் கேட்டோம். விசாரணை முறைகள் பற்றித் தம் ஆலோசகர்கள் கூடிப் பேசியது தெரியும், அதற்குத் தாம் ஒப்புதல் தந்ததாகவும் இந்த ஏப்ரலில் அதிபர் தொலைக்காட்சிக்குச் சொன்னபோது, ஆவணங்களைப் படித்த எங்களில் எவருக்கும் வியப்பு ஏற்படவில்லை.

நியூஜெர்சியில் மகள் வீட்டில் வசிக்கும் பெரியவருக்கு என் வணக்கம். 1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டில் திமுக ஆட்சி கலைக்கப்பட்டபின் மிசாவில் கைதாகிச் சென்னைச் சிறையில் இருந்தவர் அவர். அந்த ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம், நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனுவுக்கு இடமில்லை என்று நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் சொன்னது; எதிர்த்து எழுதிய ஒரே நீதிபதி எச். ஆர். கன்னா. குவான்டனாமோ என்ற அமெரிக்க ராணுவச் சிறையின் கைதிகளுக்கு அதே மனுவை மறுத்து 2006 அக்டோபரில் புஷ் சட்டத்தில் கையெழுத்திட்டபோது, பெரியவர் தன் கைப்பட மூன்று பக்கம் எழுதி அனுப்பினார். இந்த வயதில் உங்களுக்கு எதற்கு என்று வீட்டில் கேட்டார்களாம். அந்தக் கடிதத்தை அப்படியே மொழிபெயர்த்து மனுவோடு இணைத்தோம். போன மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் அந்த உரிமையை மீட்டுக் கொடுத்த அன்று அவரைத்தான் முதலில் தொலைபேசியில் அழைத்தேன். இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

குடியுரிமை இன்னும் கிடைக்காத நண்பர்களை மனுவில் கையெழுத்திட நான் கேட்கவே இல்லை. அவர்கள் உறை ஒட்டினார்கள், முகவரி எழுதினார்கள், கூட்டத்துக்கு இட்லி செய்து கொண்டுவந்தார்கள். பெயர் எங்கும் வராது என்று தெரிந்தே செய்தார்கள்.

வெர்மான்ட்டின் ஊர்க் கூட்டங்களுக்கு நன்றி சொல்லாமல் இந்த மடல் முடியாது. மார்ச் முதல் செவ்வாயன்று ஊர் மக்கள் மண்டபத்தில் கூடி வரவு செலவையும் சாலைச் செப்பனிடலையும் தாங்களே தீர்மானிக்கும் வழக்கம் இங்கே இன்றும் உண்டு. 2006இல் நியூஃபேன் என்ற சிற்றூர், 121க்கு 29 என்ற வாக்கில் அதிபரைப் பதவிநீக்கக் கோரியது. அன்றே இன்னும் நான்கு ஊர்கள் சேர்ந்தன. அடுத்த ஆண்டு முப்பதுக்கும் மேற்பட்ட ஊர்கள். 2007 ஏப்ரல் 20 அன்று மாநில செனட் 16க்கு 9 என்று தீர்மானம் நிறைவேற்றியது. ஐந்து நாள் கழித்து மாநிலக் கீழவை அதை நிராகரித்தது. பதவிநீக்கப் பேச்சுக்கே இடமில்லை என்று பிரதிநிதிகள் சபையின் ஜனநாயகக் கட்சித் தலைவர் நான்சி பெலோசி 2006 தேர்தலுக்கு முன்பே அறிவித்திருந்ததால், வாஷிங்டனில் எதுவும் அசையவில்லை. ஒஹையோவிலிருந்து பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வான டென்னிஸ் குசினிச் மட்டும் கடந்த ஜூன் 9 அன்று முப்பத்தைந்து குற்றச்சாட்டுகளைச் சபையில் நின்று படித்தார். இருபத்து நான்காவது, ஆணையில்லாத ஒட்டுக்கேட்பு. சபை அதை 251க்கு 166 என்ற வாக்கில் நீதிக்குழுவுக்கு அனுப்பிவைத்தது. அங்கேயே கிடக்கிறது.

ஜூலை 10 அன்று புதிய ஒட்டுக்கேட்புச் சட்டத்தில் அதிபர் கையெழுத்திட்டார். உதவிய தொலைபேசி நிறுவனங்கள்மீது இனி வழக்குப் போட முடியாதபடி அது காப்பளிக்கிறது. அதே நாளில் ஏசிஎல்யூ அந்தச் சட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் போனது. எங்கள் கோரிக்கையை அவர்கள் ஏற்காவிட்டாலும், இந்த வேகத்துக்காக அவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. என் உறுப்பினர் சந்தாவை அன்று மாலையே புதுப்பித்துவிட்டேன்.

தபால் செலவு போக மிச்சமிருந்த பணத்தை நூலகத்துக்குக் கொடுத்தாயிற்று. பழைய நாளிதழ்ச் சுருள்களைப் பராமரிக்க அது உதவும் என்றார்கள். கையெழுத்துத் தாள்களின் நகல்கள் என் வீட்டில் இருக்கின்றன. தன் தாளைத் திரும்பப் பெற விரும்புகிறவர்கள் ஆகஸ்டு முடிவதற்குள் எனக்குச் சொல்லுங்கள், அனுப்பிவைக்கிறேன். மற்றவற்றைப் பத்திரமாக வைத்திருப்பேன்.

மிக்க நன்றியுடன்,
உங்கள் தோழி